ஒரு ரூபாய்க்கு ஏலம் விட்ட வெள்ளி ரூபாய்

மாமனார் விட்டுப்போன ஹார்லிக்ஸ் பாட்டிலில் 43 பழைய நாணயங்கள் இருந்தன. அடகுக்கடையில் எடைக்குப் போட்டுவிடலாம் என்றார் வீட்டுக்காரர். எனக்கு மனசு வரவில்லை. பழைய காசு வாங்கி விற்கும் இணையதளம் ஒன்றில் கணக்குத் தொடங்கி, ஆறு மாதமாக ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருக்கிறேன். அங்கே ஏலமும் விடலாம், விலை போட்டும் வைக்கலாம். இரண்டிலும் சூடு பட்டாயிற்று.

முதலில் ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட 1918ஆம் வருஷத்து ரூபாயை ஏலத்தில் விட்டேன். ஆரம்ப விலை ஒரு ரூபாய். குறைவாக ஆரம்பித்தால் கூட்டம் கூடும் என்று அந்தத் தளமே ஆசை காட்டியிருந்தது. ஆறு நாள் 210 ரூபாயிலேயே நின்றது. கடைசி நிமிஷத்தில் ஒருவர் புகுந்து 640க்குத் தட்டிக்கொண்டு போனார். பாட்டிமார் 'ரூபாய் எடை' என்பார்களே, அந்த 11.66 கிராம்தான் இந்த நாணயம். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. அன்றைய வெள்ளி விலைக்கே கூடக் கிடைத்திருக்கும். வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

அப்புறம்தான் புரிந்தது. ஏலத்தில் விலையை முடிவு செய்வது ஜெயித்தவர் இல்லை, இரண்டாவதாக நின்றவர். ஒருவர் 3,000 வரை போகத் தயாராக இருந்தாலும், அடுத்தவர் 620இல் நின்றுவிட்டால் நமக்கு 640தான். 1918 ரூபாய் கோடிக்கணக்கில் அடித்த காசு. அதற்காக யார் மல்லுக்கு நிற்பார்கள்?

1911 ரூபாயின் கதை வேறு. மாமனார் அதை மட்டும் தனியாகக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தார். அரசரின் அங்கியில் ஒரு குட்டி யானை இருக்கும். தும்பிக்கை குட்டையாகப் போனதால் பார்க்கப் பன்றி மாதிரி இருக்கிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, அரசாங்கம் அதைத் திரும்பப் பெற்று உருக்கியது; 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். பன்றி ரூபாய் என்றே பேர். விலை போட்டிருந்தால் 2,500 போட்டிருப்பேன். 1,500இல் ஏலம் ஆரம்பித்தேன், நாலு பேர் மோதி 4,350இல் முடிந்தது.

மகன், வெளிநாட்டுத் தளத்தில் போட்டால் டாலரில் வரும் என்றான். நூறு வருஷம் தாண்டிய நாணயத்தை நாட்டைவிட்டு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் கொடுக்காது. ஆக, ஏலத்துக்கு வரும் கூட்டமெல்லாம் உள்ளூர்க் கூட்டம்தான்.

மாமியார் ஒரு பொங்கலுக்கு எட்டு ரூபாய்களை விபூதி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். கண்ணைப் பறிக்கும் பளபளப்பு! சேகரிப்பவர்களுக்கு அதுதான் ஆகாது. படத்தைப் பெரிதாக்கினால் ராஜாவின் கன்னத்தில் மயிரிழைக் கீறல்கள். 'தேய்த்துத் துலக்கியது' என்று ஒளிக்காமல் எழுதி, வெள்ளி விலைக்குமேல் கொஞ்சம் வைத்து விலைப் பகுதியில் போட்டேன். மூன்று மாதம் ஆனது, ஆனால் எல்லாம் போய்விட்டன. 1947ஆம் வருஷத்துப் புலி போட்ட நிக்கல் ரூபாய்களையும் அங்கேதான் விற்றேன். எல்லோருக்கும் விலை தெரிந்த காசுக்கு ஏலம் எதற்கு?

தளத்தின் மேல் ஒரு பெரிய குறை: ஏலத்தில் ஜெயித்த ஒருவர் பணம் கட்டாமல் காணாமல் போனார். அந்தக் காசை மறுபடி விற்பனைக்கு விட ஒன்பது நாள் ஆக்கினார்கள். விலைப் பகுதியில் இந்த வம்பு இல்லை, பணம் வந்த பிறகுதான் பொருள் போகும்.

ஏலப் பகுதிக்கு ஐந்தில் மூன்று நட்சத்திரம். விலைப் பகுதிக்கு நாலு. ஐந்தாவதை, '500 போட்ட காசுக்குக் கடைசி விலை 200தானே மேடம்?' என்று ராத்திரி பதினொரு மணிக்குச் செய்தி அனுப்புகிறவர்கள் தின்றுவிட்டார்கள்.