நான்கு வருடமும் ஓர் இடது ஃப்ளிப்பரும்: என் பின்பால் அனுபவம்

பின்பால் என்பது சாய்ந்த பலகையில் உருண்டு வரும் பந்தைக் கீழே விழவிடாமல் அடித்து ஆடும் ஆட்டம்; பொத்தானை அழுத்தினால் பந்தை அடிக்கும் சின்னத் துடுப்புக்குப் பெயர் ஃப்ளிப்பர். போன வாரம் என் பின்பால் இயந்திரத்தின் இடது ஃப்ளிப்பரை மூன்றாவது தடவையாகக் கழற்றி மாட்டினேன். விரலில் ஒட்டிய கரித்தூளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நண்பன் போன் செய்தான். “பின்பால் மறுபடி வந்துடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்களே, நானும் ஒன்னு வாங்கட்டுமா?” அந்த நேரத்தில் என் பதில் கோபமாகத்தான் வந்தது. இப்போது கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் புதிதாக வாங்கிய இயந்திரம் இது. மெனுவில் இருக்கும் கணக்குப்படி 3,100 ஆட்டங்கள் தாண்டிவிட்டன. விளக்கு, ஒலி, திரை எதிலும் குறை சொல்ல முடியாது. குறை ஒன்றே ஒன்றுதான், ஆனால் அது இருக்கக் கூடாத இடத்தில் இருக்கிறது.

முதல் இருபது நிமிடம் அருமையாக ஓடும். இடது ஃப்ளிப்பரைத் தூக்கிப் பிடித்துப் பந்தை நிறுத்தி, விட்டு, அது நுனியை நெருங்கும்போது தட்டினால் வலப்பக்க ரேம்ப்பில், அதாவது சரிவுப் பாதையில், சர்ரென்று ஏறிவிடும். அரை மணி நேரம் ஆனதும் அதே இடத்தில் அதே தட்டுத் தட்டினால், பந்து ரேம்ப்பின் பாதி வரை போய், அங்கே ஒரு கணம் நின்று, வந்த வழியே இறங்கி இரண்டு ஃப்ளிப்பருக்கும் நடுவே விழும். நான் சரியாகத்தான் தட்டினேன் என்று கைக்குத் தெரியும். அதுதான் தாங்க முடியவில்லை.

காரணம் புரியாத விஷயமில்லை. ஃப்ளிப்பரை இழுப்பது ஒரு காயில், அதாவது மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும் கம்பிச் சுருள். ஆட ஆட அது சூடாகும். செம்புக் கம்பி 50 டிகிரி கூடுதலாகச் சூடானால் மின்தடை சுமார் 20 சதவீதம் ஏறும். மின்னோட்டம் குறையும், இழுவை தளரும். முதல் வருடம் காயிலுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாயை மாற்றினேன். அப்புறம் காயிலையே மாற்றினேன். இந்த முறை பந்து ஓடும் பலகையான பிளேஃபீல்டைத் தூக்கி நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே ஓடும் இரும்புத் தண்டு வந்து மோதும் தடுப்பு, அடிபட்டு அடிபட்டு ஆணித்தலை மாதிரி விரிந்து கிடந்தது. அதைப் பிடித்திருந்த இரண்டு திருகும் விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. அதிர்வதையே தொழிலாகக் கொண்ட இயந்திரத்தில் திருகு தளராமல் இருக்க ஒரு சொட்டுப் பசை வைக்கத் தோன்றவில்லையே என்று செய்தவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

ஒரு ஃப்ளிப்பருக்கு இவ்வளவா என்று கேட்கலாம். நியூயார்க்கில் மேயர் லா கார்டியா 1942-இல் பின்பாலைச் சூதாட்டம் என்று சொல்லித் தடை செய்தார். அன்றைய இயந்திரங்களில் ஃப்ளிப்பரே கிடையாது. பந்தை மேலே அனுப்பிவிட்டால், இயந்திரத்தைக் கொஞ்சம் தள்ளி அசைப்பதைத் தவிர நம் கையில் ஒன்றும் இல்லை. 1947-இல் காட்லீப் நிறுவனத்தின் ஹம்ப்டி டம்ப்டிதான் முதலில் ஃப்ளிப்பரோடு வந்தது. 1976-இல் ரோஜர் ஷார்ப் என்ற பின்பால் ஆட்டக்காரர் நியூயார்க் நகர மன்றத்தார் முன்னால் நின்று, பந்து எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே சொல்லி ஆடிக் காட்டினார், தடை நீங்கியது. பின்பால் திறமையின் ஆட்டம் என்று சொல்ல வைப்பதே ஃப்ளிப்பர்தான். அது தளர்ந்தால் என் வீட்டில் இருப்பது 1942-இன் இயந்திரம்.

பின்பால் திரும்ப வந்துவிட்டதா என்ற கேள்விக்கு வருகிறேன். வந்திருக்கிறது. 1992-இல் வந்த ஆடம்ஸ் ஃபேமிலி இயந்திரம் 20,270 விற்றது. அதற்குப் பின்னால் இருந்த வில்லியம்ஸ் நிறுவனம் 1999-இல் பின்பால் பிரிவையே மூடியது. அப்புறம் பத்து வருடத்துக்கும் மேல் பின்பால் செய்யும் நிறுவனங்களில் ஸ்டெர்ன் மட்டும்தான் தாக்குப்பிடித்தது. 2011-இல் ஜெர்சி ஜாக் என்ற புது நிறுவனம் தொடங்கியது. பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். இன்று பின்பால் ஆட்டக்காரர்களின் உலகத் தரவரிசையில் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். 2021-இலிருந்து ஸ்டெர்ன் இயந்திரங்களில் கியூஆர் குறியைக் காட்டி உள்ளே போய் நம் ஆட்டக் கணக்கைச் சேர்த்து வைக்க முடிகிறது. ஒரு படமோ தொடரோ இசைக்குழுவோ பெரிதாகப் பேசப்பட்டால் அதன் பெயரில் ஒரு இயந்திரம் வருமா என்று ரசிகர்கள் காத்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்கு உண்மையான சந்தோஷம்.

ஆனால் முதல் முறை ஆட வரும் ஒருவர் இந்தக் கதையைப் படித்துவிட்டு வருவதில்லை. பொது இடத்தில் பராமரிப்பில்லாத இயந்திரம் ஒன்று அவருக்கு வாய்த்தால், பந்து ஏறாததற்குத் தன் கைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார், மறுபடி வரமாட்டார். யாரோ ஒருவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, ரப்பர் மாற்றி, திருகு முடுக்கும் இடத்தில்தான் பின்பால் திரும்ப வந்திருக்கிறது. மற்ற இடங்களில் விளக்கு மட்டும் எரிகிறது.

நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். 80 கிராம் எஃகுப் பந்தை ஒவ்வொரு ஆட்டத்திலும் நூறு தடவைக்கு மேல் அடிக்கிற கருவி தேயாமல் இருக்காது. போன வாரம் தடுப்பை மாற்றி, திருகுக்குப் பசை வைத்து, காயிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விசிறியும் பொருத்தினேன். இரவு ஆடினேன். நாற்பதாவது நிமிடத்தில் மூன்று பந்தும் ஒன்றாக ஓட, இடது ஃப்ளிப்பரிலிருந்து ஒன்று நேராக ரேம்ப் ஏறி, வளைந்து, வலது ஃப்ளிப்பருக்குச் சத்தமில்லாமல் வந்து நின்றது. திரையில் எந்த விளையாட்டும் எனக்கு இதைத் தந்ததில்லை.

இருந்தும் நண்பனுக்கு என் பதில் மாறவில்லை: வாங்காதே. திருப்புளி பிடிக்க ஆசையிருந்தால் மட்டும் அப்புறம் யோசிக்கலாம். அதற்கு முன் என் வீட்டுக்கு வந்து ஆடிப் பார்க்கட்டும். ஆனால் காயில் சூடாகும் வரை, குறைந்தது முக்கால் மணி நேரம் ஆடிவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும்.