வலிக்காத புண்ணுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் சுகவாழ்வு மையத்தில், அதாவது பால்வினை நோய்ப் பிரிவில், 2022இல் சிகிச்சை பெற்று, ஈராண்டுத் தொடர் பரிசோதனைகளையும் முடித்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

ஆணுறுப்பின் முனையில் பட்டாணி அளவில் ஒரு புண் வந்திருந்தது. வலியோ அரிப்போ இல்லாததால், மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைப் பத்து நாள் தடவிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். மையத்தின் மருத்துவர் கையுறை அணிந்த இரு விரல்களால் புண்ணைப் பிடித்துப் பார்த்தார். அதன் அடிப்பகுதி சட்டைப் பித்தானைப் போலக் கெட்டியாக இருப்பதையும், தொடையிடுக்கில் வலியில்லாமல் நெறி கட்டியிருப்பதையும் காட்டி, கிரந்தி எனப்படும் சிபிலிஸ் பெரும்பாலும் இப்படி வலிக்காமல்தான் தொடங்கும் என்றார். கொப்புளங்களாகக் கிளம்பி எரிச்சலோடு உடைந்தால் அது ஹெர்பீஸ் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம், சிறுநீர்க்கடுப்போடு சீழ் வடிந்தால் வெட்டை எனப்படும் கொனோரியாவைச் சந்தேகிக்க வேண்டும் என்றும் விளக்கினார். மருந்தே இல்லாவிட்டாலும் இந்தப் புண் 3 முதல் 6 வாரங்களில் தானாக ஆறிவிடும், பிறகு நோய் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பாகத் தலைகாட்டும் என்று அவர் சொன்னபோதுதான், இன்னும் சில வாரம் பொறுத்திருந்தால் அந்தக் களிம்புக்கு நான் நற்சான்றிதழே கொடுத்திருப்பேன் என்பது உறைத்தது.

சிபிலிஸைக் கண்டறியும் வி.டி.ஆர்.எல். இரத்தப் பரிசோதனையும், பக்கத்து நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனையும் இலவசம். மருந்துகள் நிறம் பிரித்த பெட்டிகளில் வருகின்றன. சீழ் வடிதலுக்குச் சாம்பல், ஹெர்பீஸுக்குச் சிவப்பு, எனக்கு வெள்ளை. முதலில் ஒவ்வாமை பார்க்கச் சிறு ஊசி போட்டு அரைமணி நேரம் உட்காரவைத்து, அதன் பின்னரே 24 லட்சம் அலகு பெனிசிலினை இரு புட்டங்களிலும் பாதிப் பாதியாகச் செலுத்தினார்கள். அன்றிரவு காய்ச்சலும் நடுக்கமும் வரக்கூடும், கிருமிகள் மடிவதால் வருவது, பயப்பட வேண்டாம் என்று ஆலோசகர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். வந்தது, மறுநாளே போய்விட்டது. தனியார் மருத்துவமனைகளில் காசு கொடுத்தும் இவ்வளவு பொறுமையான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. நடைபாதையில் நூறு பேர் உட்கார்ந்திருக்க, பெயரையும் பிரிவையும் சேர்த்து உரக்கக் கூப்பிடுகிறார்கள். ஆலோசகர் வற்புறுத்தியதால் என் மனைவியையும் அழைத்துச் சென்றேன். எந்த அறிகுறியும் இல்லாத அவருக்கும் இரத்தத்தில் சிபிலிஸ் இருந்தது. அன்றே ஊசி போட்டார்கள். ஆனால் அடுத்தடுத்த பரிசோதனைகளுக்கு அவர் 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள வேறொரு மையத்துக்குத்தான் போனார். அங்கே டோக்கன் எண்ணைச் சொல்லி அழைக்கிறார்கள்.