அம்பாசடருக்கு முன்னாடி டிஸ்க் பிரேக்: குமுளி மலை இறங்கி பாத்தாச்சு

வண்டி அப்பா வாங்கின 86 மாடல் மார்க் 4 அம்பாசடர், பெட்ரோல். நமக்கு ஊர் கம்பம், ஏலக்கா வேலையா வாரத்துக்கு ரெண்டு தடவையாச்சும் குமுளி மலை ஏறி கேரளாவுல வண்டன்மேடு பக்கம் போய்ட்டு வரணும். ஏறுறதுல பிரச்சனையே இல்ல, இறங்குறப்பதான் உயிர் போயிரும். ரெண்டாவது கியர்லயே இறக்குனாலும் அடிவாரத்து லோயர் கேம்ப் வர்றதுக்குள்ள பிரேக் ஷூ கருகுற வாசம் உள்ள வந்துரும், பெடல் பாதிக்கு மேல கீழ போகும். பழைய டிரம் பிரேக்குல வீலோட சுத்துற டிரம்ம உள்ளருந்து ஷூ அழுத்திதான் நிறுத்தும், டிரம்மு சூடானா விரிஞ்சு ஷூவ விட்டு விலகிப்போகுது, அப்புறம் எவ்வளவு மிதிச்சு என்ன. மழை நாள்ல இன்னும் கேவலம், தேங்குன தண்ணியில ஒருக்கா இறக்கிட்டா அடுத்த ரெண்டு மூணு மிதிக்கு நிக்காது, நின்னாலும் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுதான் நிக்கும்.

சரி முன்னாடி டிஸ்க் போட்ருவோம்னு இறங்கிட்டேன். கடைசி காலத்து அம்பாசடர்ல கம்பெனியே முன் வீலுக்கு டிஸ்க் கொடுத்துச்சுல்ல, அதுல கழட்டுன ஹப்பு, டிஸ்க்கு, டிஸ்க்க ரெண்டு பக்கமும் பேடால கவ்வுற காலிப்பர் எல்லாம் செட்டா 11,000 ரூபாய்க்கு கிடைச்சது. மாருதி காலிப்பர வச்சு பட்டை வெல்டிங் பண்ணி மாட்டிரலாம்னு ஒருத்தர் சொன்னார், கும்பிடு போட்டு வந்துட்டேன், பிரேக்குல போய் வெல்டிங்கா, புள்ளகுட்டிக்காரன்யா நான்.

முதல்ல மாட்டுன கடை பேரு வேணாம். முன் ரெண்டு வீல மட்டும் மாத்திட்டு, பெடல மிதிச்சா ஆயில வீலுக்கு தள்ளுற பழைய மாஸ்டர் சிலிண்டர அப்படியே விட்டு, லைன்ல இருந்த ஏர எடுத்து, 3,500 கூலியும் வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. முதல் நாள் நல்லாதான் இருந்துச்சு. மறுநாள் மலை ஏறுறப்பவே வண்டி திணறுது. குமுளில ஒரு சரிவுல நியூட்ரல் போட்டு பிரேக்க விட்டா வண்டி உருளவே மாட்டேங்குது, இறங்கி வீல்கிட்ட கைய கொண்டு போனா அனலு, பாட்டில் தண்ணிய தெளிச்சா சுர்ருங்குது!

அங்கயே ஒரு சேட்டன் ஒர்க்‌ஷாப்ல விட்டேன். பானட்ட தூக்கி ஒரு பார்வைதான் பாத்தார், "இது டிரம்முக்குள்ள மாஸ்டர் அல்லே அண்ணே"ன்னார், டிரம்முக்கான மாஸ்டர்தானேன்னு கேக்குறார். விஷயம் இதான், டிரம் மாஸ்டர்ல ஒரு குட்டி வால்வு உண்டு, மிதிச்சு விட்டப்புறமும் லைன்ல சுமாரா 10 பிஎஸ்ஐ பிரஷர நிறுத்தி வைக்கும். ஷூவுக்கு இழுத்துவிட ஸ்பிரிங் இருக்கு, அது சமாளிச்சுரும். டிஸ்க் பேடுக்கு அப்படி எதுவும் கிடையாது, பிஸ்டன் சீலு கொஞ்சூண்டு பின்னால இழுக்குறதுதான், அதனால அந்த பிரஷருக்கே பேடு ஒட்டிக்கிட்டு ஓடியிருக்கு. அதுபோக ஷூ சுத்துற டிரம்மோட சேந்து தானா இறுக்கும், டிஸ்க்குல அந்த உதவி இல்ல, முழு பலமும் கால்ல இருந்துதான் வரணும், மிதிக்கு பலம் சேக்குற பூஸ்டர் இல்லாம இந்த கனத்த வண்டிய நிறுத்துறது ரொம்ப கஷ்டம்.

பூஸ்டரோட முன்னுக்கு ஒண்ணு பின்னுக்கு ஒண்ணுன்னு ரெட்ட லைன் மாஸ்டர், 7,500. கூலி 4,000. முன்ன ஒரே லைன்தான், ஒரு ஹோஸ் போச்சுன்னா மொத்தமும் போச்சு, இப்ப பாதியாவது மிஞ்சும், எனக்கு டிஸ்க்க விட இதுதான் பெரிய நிம்மதி. டாட் 4 பிரேக் ஆயில் ஊத்துனார், புதுசா இருக்குறப்ப 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஆனா ஈரத்த உறிஞ்ச உறிஞ்ச 155 வரைக்கும் இறங்கிரும்ங்கறதால ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும்னு சொல்லி அனுப்புனார்.

நாலு மாசம் ஆச்சு. பெடல் ஒரே இடத்துல நிக்குது, வாசம் இல்ல, ஜூன் மழையிலயும் நேரா நிக்குது. பின்னாடி பழைய டிரம்தான், அதுல குறை ஒண்ணும் இல்ல. காலையில மொத ரெண்டு மிதிக்கு பேடு கீச்சுங்கும், அவ்வளவுதான். பண்றவங்க ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுட்டு பண்ணுங்க, வண்டியில மாத்தம் பண்றது பத்தி மோட்டார் வாகன சட்டத்துல 52வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, நாம வேற அடிக்கடி கேரளா செக்போஸ்ட் தாண்டுற ஆளுங்க.

இன்னொண்ணு, பூஸ்டர் வேலை செய்றது இன்ஜின் காத்த உறிஞ்சுறதால வர்ற வேக்குவத்துல, இன்ஜின் ஓடுனாதான் அது கிடைக்கும். ஆஃப் பண்ணா ரெண்டு மூணு மிதியோட பெடல் கல்லாயிரும். எங்கப்பாவுக்கு இறக்கத்துல இன்ஜின ஆஃப் பண்ணி பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற பழக்கம், நாப்பது வருசமா. மூணு தடவ சொல்லிட்டேன், "சரிடா சரிடா"ங்கறார், சாவி மட்டும் இன்னும் என் பாக்கெட்லதான் இருக்கு.