ரீசார்ஜ் ₹299, கழிந்தது ₹302: அந்த மூன்று ரூபாயைக் கவனியுங்கள்

ரீசார்ஜ், கரண்ட் பில், கேஸ் எல்லாம் கட்டுகிற ஒரு செயலியில் நடப்பது இது. ₹299க்கு ரீசார்ஜ் போட்டால் கணக்கிலிருந்து ₹302 போகிறது. கடைசித் திரையில் மொத்தத் தொகை மட்டும் பெரிதாக இருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி. அதைத் தொட்டு விரித்தால்தான் 'குழந்தைகள் கல்விக்கு ₹3' என்ற வரியும், அவர்களே போட்டுவைத்த டிக்கும் கண்ணில் படும். டிக்கை எடுத்துவிட்டுக் கட்டினாலும் அடுத்த பில்லில் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும்.

கஸ்டமர் கேரில் கேட்டால், "வேண்டாம் என்றால் நீங்களே நீக்கியிருக்கலாமே சார்" என்கிறார்கள். அந்தப் பதில் செல்லாது. முன்கூட்டியே டிக் போட்ட பெட்டியைச் சம்மதமாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2020 மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த டார்க் பேட்டர்ன் (திரை வடிவமைப்பால் ஏமாற்றும் தந்திரங்கள்) வழிகாட்டுதல்கள், கேட்காமல் பில்லில் நன்கொடை சேர்ப்பதைத் தனியாகக் குறிப்பிட்டே தடுக்கின்றன.

இதைவிடப் பெரிய புளுகு, கீழே பொடி எழுத்தில் வரும் '80ஜி வரிச்சலுகை உண்டு' என்ற வரி. 80ஜி என்பது நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் சட்டப்பிரிவு. நன்கொடை வாங்கிய அறக்கட்டளை, கொடுத்தவரின் பான் போன்ற அடையாள எண்ணோடு 10பிடி என்ற நன்கொடையாளர் பட்டியல் படிவத்தை நிதியாண்டு முடிந்த பின் மே 31க்குள் வருமான வரித்துறையிடம் தாக்கல் செய்ய வேண்டும். அதன் அடிப்படையில்தான் சலுகை கேட்கத் தேவையான 10பிஇ சான்றிதழ் உங்களுக்கு வரும். செயலி உங்களிடம் பான் கேட்கவே இல்லையே! எல்லாருடைய மூன்று ரூபாயையும் மொத்தமாகச் சேர்த்து அனுப்பினால், அறக்கட்டளையின் பட்டியலில் உங்கள் பெயர் எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது.

மூன்று ரூபாயோடு போனால்கூடப் பரவாயில்லை. 'மாதந்தோறும் உதவுங்கள்' என்ற பட்டனைத் தட்டி யூபிஐ பின் போட்டால், அது ஆட்டோபே, அதாவது மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகவே பணம் போகிற ஏற்பாடு. ஒருமுறை ஒப்புதல் கொடுத்துவிட்டால், அதன்பிறகு ₹15,000 வரையிலான மாதத் தவணைகளுக்கு யூபிஐ பின் கேட்காது. பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன் ஒரு அறிவிப்பு வரும். விளம்பர மெசேஜ்களுக்கு நடுவே அதை யார் பார்க்கிறார்கள்? செயலியை அழித்தாலும் ஆட்டோபே நிற்காது. நீங்கள் பயன்படுத்தும் யூபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' அல்லது 'மேண்டேட்' பகுதிக்குப் போய் அங்கேதான் ரத்து செய்ய வேண்டும்.

ஏற்கெனவே பணம் போயிருந்தால் பில்லையும் யூபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் எடுத்து வையுங்கள். அதோடு இன்னொரு பில் கட்டுவதுபோல் போய், எதையும் தொடாமல் டிக்கோடு இருக்கும் அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பலர் டிக்கை எடுத்த பிறகு படம் பிடிக்கிறார்கள், அது எதற்கும் உதவாது. முதலில் செயலியிலேயே எழுத்தில் புகார் கொடுங்கள். சரியான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள். 'வாலெட்டில் ₹3 சேர்த்துவிட்டோம்' என்று முடிக்கப் பார்ப்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், எந்தக் கணக்கிலிருந்து போனதோ அதே கணக்குக்கு வர வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.