துப்பறியும் கதை வகுப்பு: ஒரு பழைய கிராணியின் கணக்கு

என் பேத்திக்குப் பதினோரு வயது. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. கணக்கு டியூசன், ஆங்கில டியூசன் என்று ஏற்கெனவே வாரம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளை. இந்த நிலையில், மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு மாடியில் மாணவர்களுக்குத் துப்பறியும் கதை வகுப்பு நடக்கப்போவதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. நாலு சனிக்கிழமை, காலை 9 முதல் 11.30 வரை, 140 வெள்ளி. மகள் முகத்தைச் சுளித்தாள். கட்டியது நான்தான். ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக, இருந்தவன் நான். சிறு வயதில் தமிழ்வாணனின் துப்பறியும் நாயகன் சங்கர்லாலை ரப்பர் பால் ஸ்டோருக்குப் பின்னால் ஒளிந்து படித்து அப்பாவிடம் அடி வாங்கியவன். அந்தப் பாசம் விடவில்லை.

குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் நிலையத்தின் பெயரைப் போடவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையும் இல்லை.

முதல் வாரம் நான் கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் வாரம் டீச்சரே, "மேல வந்து உட்காருங்க அங்கிள், ஃபேன் இருக்கு" என்றார். முப்பது வயதுகூட இருக்காது. பதினான்கு பிள்ளைகளையும் குரலை உயர்த்தாமல் மேய்த்தார். அதற்கே பாதிக் காசு தகும்.

அவர் கதையை முழுசாகச் சொல்வதில்லை. பாதியில் நிறுத்தி, "இதுவரைக்கும் உனக்கு என்ன தெரியும்? எப்படித் தெரியும்?" என்று கேட்பார். "எனக்குத் தோணுது" என்று யார் சொன்னாலும் அது பலகையில் ஏறாது. அன்று கானன் டாயில் 1892-இல் எழுதிய பந்தயக் குதிரைக் கதை. குதிரை காணாமல் போன இரவில் லாயத்து நாய் குரைக்கவில்லை, ஆகவே வந்தவன் அதற்குத் தெரிந்தவன் என்று ஷெர்லாக் ஹோம்ஸ் பிடிப்பாரே, அதுதான். நாயைப் பிள்ளைகள் உடனே பிடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு நாய் இருக்கிற ஊர். சண்டை வந்தது கறியில். காவல் பையனின் இரவுச் சாப்பாட்டில் அபின் தூளைக் கலந்திருப்பார்கள். அதன் ருசியை மறைத்தது ஆட்டுக்கறிக் குழம்பு. அப்படியென்றால் அன்றைக்குக் கறிக்குழம்பு என்று முடிவு செய்தது யார்? வெளியாளால் முடியாது, வீட்டுக்காரர்களால்தான் முடியும். டீச்சர் இந்த இடத்துக்கு வருவதற்குள் ஒரு பையன் எழுந்து, மட்டன் பிரட்டல் என்றால் கசப்பு மறையும், வெள்ளைக்காரன் வைக்கிற தண்ணிக் குழம்பில் மறையாது என்றான். அடுத்த இருபது நிமிடம் சமையல் வாதம். டீச்சர் தடுக்கவில்லை. கடைசியில், "சரி, அந்தக் குழம்பு கெட்டியா தண்ணியான்னு கதையில இருக்கா?" என்று மட்டும் கேட்டார். பதினான்கு பேரும் தாளைப் புரட்டினார்கள். பிள்ளைகள் தாங்களாக ஒரு பக்கத்தைத் திரும்பப் படித்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருந்தது. ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929-இல் துப்பறியும் கதைக்காரர்களுக்காக எழுதிய பத்து விதிகள். ஒரு கதையில் ஒரு ரகசிய வழிக்கு மேல் கூடாது, துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது, இப்படி. என் பேத்தி எண்ணிப் பார்த்துவிட்டு, "டீச்சர், ஒன்பதுதான் இருக்கு" என்றாள். டீச்சர் கொஞ்சம் திணறினார். அப்புறம் உண்மையைச் சொன்னார். விடுபட்ட விதி, கதையில் சீனர் வரக்கூடாது என்பது. அந்தக் காலத்து மலிவுக் கதைகளில் வில்லன் என்றாலே மர்மமான சீனன் என்று எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பழக்கத்தைக் குத்திக்காட்டித்தான் அப்படி ஒரு விதி. வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. கீழே கோப்பிக் கடை அங்கிள் மைலோ ஆற்றும் சத்தம் மேலே கேட்டது.

கைரேகை வாரத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பென்சில் கரித்தூள், செலோடேப், எல்லார் சட்டையும் கறுப்பு. வளையம், சுழி, வில் என்று மூன்று வகை, அதில் வளையம்தான் அதிகம் என்று கற்றுக்கொண்டார்கள். கைரேகைக்கென்று 1897-இல் கல்கத்தாவில் தனி அலுவலகமே திறந்தார்கள் என்பது எனக்கே புதுச் செய்தி. சம்பள நாளில் எத்தனை நூறு பேரின் கைநாட்டை செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைக் கணக்கு, சம்பளப் பேரேட்டில், வாங்கியிருப்பேன்! ஒன்றைக்கூட உற்றுப் பார்த்ததில்லை.

குறைக்கு வருகிறேன். மூன்றாம் வாரம், பிள்ளைகளே துப்புத் துலக்க வேண்டும் என்று அச்சடித்த ஒரு வழக்கைக் கொடுத்தார்கள். எங்கிருந்தோ வாங்கி அப்படியே தமிழில் மாற்றியது. பனியில் காலடித் தடம், கணப்படுப்பில் எரிந்த கடிதம், வெள்ளிக் கரண்டி துடைக்கும் பட்லர். பனியில் தடம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று இந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? அதைவிடக் கொடுமை, விடைக்குத் தேவையான ரயில் நேரம் அந்தத் தாள்களில் எங்குமே இல்லை. சுவரில் ஒட்டிய விதியை அவர்களே மீறிவிட்டார்கள். என் பேத்தி வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி எறிந்தாள். இன்னொரு வருத்தம், தமிழ்த் துப்பறியும் கதை ஒன்றுகூடப் பாடத்தில் இல்லை. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் நூறு வருடத்துக்கு முன்பே எழுதிக் குவித்துவிட்டுப் போனார்கள்.

டீச்சரிடம் நேராகவே சொன்னேன். கோபப்படவில்லை. "அப்ப நீங்க ஒரு கேஸ் கொண்டு வாங்க அங்கிள்" என்றார்.

ஊரில் கேஸுக்குப் பஞ்சமா? 1948 ஜூன் 16-இல் எல்ஃபில் தோட்டத்துத் துரை, அதாவது வெள்ளைக்கார மேனேஜர், சுடப்பட்டது இங்கேதான். மலாயாவில் அவசரகாலமே அதையொட்டித்தான் வந்தது. ஆனால் அது பதினோரு வயதுக்கு வேண்டாம். நான் கொண்டுபோனது ரப்பர் பால் கேஸ்.

மெட்ரோலாக் என்று ஒரு கண்ணாடி மிதவை உண்டு. பாலில் விட்டால் ரப்பர் எவ்வளவு என்று காட்டும். நல்ல பாலில் 100-க்கு 30-க்கு மேலேயே இருக்கும், தண்ணீர் கலந்தால் இறங்கிவிடும். ஒரு நாள் பால் வெட்டும் ஒருவரின் வாளிகள் விளிம்புவரை நிறைந்திருந்தன, அளவு மட்டும் மிகவும் கீழே. கூட வந்த மகன் தலை நிமிரவில்லை. அவன் கால்சட்டை முழங்கால்வரை ஈரம். பாலை வடிகட்டியபோது வலையில் ஒரு தலைப்பிரட்டை. அவ்வளவுதான் சொன்னேன்.

ஒரு பெண், இரவு மழை பெய்து மங்கில், அதாவது மரத்தில் பால் சேரும் கிண்ணத்தில், தண்ணீர் நின்றதா என்று கேட்டாள். நல்ல கேள்வி. பக்கத்து நிரை மரங்களில் வெட்டியவர்களின் பால் சரியாக இருந்தது என்றேன். மழை அடிபட்டது. பைப் தண்ணீரில் தலைப்பிரட்டை வராது என்றான் பிரட்டல் பையன். கால்வாய், பையன், வழுக்கிக் கொட்டிய பால், பயத்தில் ஊற்றிய தண்ணீர் என்று பத்தே நிமிடத்தில் கோத்துவிட்டார்கள். அப்பாவுக்கு இது தெரியுமா என்பதற்குத் தடயம் இல்லை என்று டீச்சர் பலகையில் தனியாக எழுதினார். அந்த ஒரு வரிக்காகவே அவருக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

அடுத்த வகுப்புக்கு ஆள் சேர்க்கிறார்கள். அந்த அச்சடித்த வழக்கு இன்னும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒன்பது வயதுக்குக் கீழ் அனுப்ப வேண்டாம், வாசிக்கத் திணறும். சனிக்கிழமை காலையில் கீழே கார் நிறுத்த இடம் கிடைக்காது, மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு நடப்பது நல்லது.

அப்படி நடந்து வரும்போதுதான் பேத்தி கேட்டாள்: "தாத்தா, அன்னிக்கு செக்ரோல்ல நீங்க எவ்வளவு எழுதுனீங்க?"

ஐஸ் காச்சாங் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.