சார்ஜன்ட் பெப்பர், மோனோ, 2014: ஒன்பதாவதாக வந்த தட்டு

பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்’ ஆல்பம் என்னிடம் ஒன்பது பிரதிகள் இருக்கிறது. கடைசியாக வந்து சேர்ந்தது 2014 செப்டம்பரில் வெளியான மோனோ மறுபதிப்பு. வந்த நாளிலிருந்து அடிக்கடி ஊசிக்குக் கீழே போவது அதுதான். “1967 பதிப்பையே கையில வெச்சுக்கிட்டு புதுசை ஏன் போடுறீங்க?” என்று கூடவே சேகரிக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு வாயால் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

மோனோ, அதாவது எல்லா ஒலியும் ஒரே தடமாக வருவது, ஏன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஸ்டீரியோ என்றால் இடம், வலம் என்று இரண்டு தடம். அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இருந்தது ஒற்றை ஸ்பீக்கர் பெட்டி. பாட்டு அதில் எப்படிக் கேட்கும் என்பதுதான் எல்லோருக்கும் கணக்கு. பீட்டில்ஸ் நால்வரும் (லென்னன், மெக்கார்ட்னி, ஹாரிசன், ரிங்கோ) தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் கூடவே உட்கார்ந்து மெனக்கெட்டது மோனோ மிக்ஸுக்கு, அதாவது ஒலிக் கலவைக்குத்தான். ஸ்டீரியோ மிக்ஸ், நால்வரும் இல்லாமலே, பிறகு மளமளவென்று முடிந்த வேலை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காது பழகியவர்களுக்கு மட்டும் பிடிபடும் நுணுக்கம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ‘ஷீ இஸ் லீவிங் ஹோம்’ பாட்டை இரண்டிலும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். ஸ்டீரியோவில் அது மூன்று கட்டை சுருதி. மோனோவில் டேப்பை வேகமாக ஓடவிட்டிருக்கிறார்கள், நான்கு கட்டைக்கு ஏறிவிடுகிறது. வீட்டை விட்டுப் போகும் பெண் ஸ்டீரியோவில் தயங்கித் தயங்கிப் படியிறங்குகிறாள். மோனோவில் யாரும் எழுவதற்குள் போய்விட வேண்டும் என்ற பதற்றம் அவள் காலில் இருக்கிறது. இருபது வருடம் ஸ்டீரியோவை மட்டும் கேட்டவன் நான். முதல்தடவை மோனோவைக் கேட்டபோது வேறு யாரோ பாடுகிறார்கள் என்றே நினைத்தேன். 

‘லூசி இன் தி ஸ்கை’ நேரெதிர். மோனோவில் அது மெதுவாக நகர்கிறது, லென்னனின் குரலும் கிறுகிறுவென்று சுழல்கிறது. இரண்டாம் பக்கத்தில் தலைப்புப் பாட்டு திரும்ப வரும் இடத்தில், முடிவை ஒட்டி மெக்கார்ட்னி கத்துவது மோனோவில்தான் நன்றாகக் கேட்கிறது.

2014 பதிப்பின் கதை இதுதான். மொத்தம் 11 ஆல்பங்கள், 14 தட்டுகள். பெட்டியாகவும் தனித்தனியாகவும் வந்தன. அதற்கு முந்தைய ஸ்டீரியோ தட்டுகள் 2012இல் டிஜிட்டல் கோப்பிலிருந்து பள்ளம் வெட்டப்பட்டவை. மோனோவுக்கு அப்படிச் செய்யவில்லை. ஒலிப்பொறியாளர்கள் ஷான் மகீ, ஸ்டீவ் பெர்கோவிட்ஸ் இருவரும் அறுபதுகளின் மூல டேப்பை எடுத்து, ஸ்டூடர் டேப் இயந்திரத்தில் ஓடவிட்டு, நடுவில் டிஜிட்டலின் நிழல்கூடப் படாமல் நேராக லாக்கர் பூசிய மூலத் தகட்டில் வெட்டினார்கள். அந்தக் காலத்தில் தட்டு வெட்டியவர்கள் எழுதிவைத்த குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு முக்கியம். பழசை மேம்படுத்துகிறோம் என்று கிளம்பாமல், முன்னால் செய்தவர் என்ன செய்தார் என்று படித்துவிட்டு வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள்.

கேட்கும்போது முதலில் தெரிவது பேஸ். ஊசி துள்ளிவிடக் கூடாது என்று அன்றைய எல்பிகளில் கீழ் ஒலியைக் கொஞ்சம் அடக்கித்தான் வெட்டுவார்கள். புதிய தட்டில் மெக்கார்ட்னியின் பேஸ் கிட்டார் தனி ஆளாக எழுந்து நடக்கிறது. ‘வித் எ லிட்டில் ஹெல்ப்’ பாட்டில் ரிங்கோ பாடிக்கொண்டிருக்க, பேஸ் தன்பாட்டுக்கு இன்னொரு ராகம் போட்டுக்கொண்டு போவதை இந்தத் தட்டில்தான் முழுசாகப் பின்தொடர்ந்தேன். பின்னணி இரைச்சல் கிட்டத்தட்ட இல்லை. 1967 பதிப்பில் எனக்குப் பிடித்தது மேல் ஸ்தாயியில் இருக்கும் ஒரு சுருக்கென்ற கூர்மை. சிம்பலில் குச்சி படுவது அப்படியே கேட்கும். 2014இல் அது கொஞ்சம் மழுங்கித்தான் இருக்கிறது. ஐம்பது வயதை நெருங்கும் டேப்பின் வயசு அது என்று நினைக்கிறேன். ஒரே ஒரு தட்டுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால், தயங்காமல் இதை வாங்குங்கள்.

ஆனாலும் மற்ற எட்டையும் கொடுத்துவிடுவாயா என்றால் மாட்டேன். 

என் பிரிட்டிஷ் மோனோவின் முதல் பக்கத்தில், பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் இருக்கும் வெற்று வளையத்தை விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால் மூன்று குறிகள் தெரியும். ஆறு மணி இடத்தில் 637-1 என்று முடியும் மேட்ரிக்ஸ் எண், எந்த வெட்டு என்று காட்டுவது. கடைசியில் இருக்கும் 1, அது முதல் வெட்டு என்று சொல்கிறது. ஒன்பது மணி இடத்தில் மதர் எண், அதாவது அழுத்தும் அச்சான ஸ்டாம்பர் எந்த உலோகத் தாய்த் தகட்டிலிருந்து வந்தது என்பது. மூன்று மணி இடத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள்: ஜி, ஓ. ‘கிராமஃபோன் லிமிடெட்’ என்ற பெயரிலிருந்து பத்து எழுத்துகளை எடுத்து, அதே வரிசையில் ஸ்டாம்பர் எண்களாக வைத்துக்கொண்டது பீட்டில்ஸின் தட்டுக் கம்பெனியான இஎம்ஐ. ஜி ஒன்று, ஆர் இரண்டு, ஏ மூன்று, எம் நான்கு, ஓ ஐந்து. அப்படியென்றால் என் தட்டு பதினைந்தாவது ஸ்டாம்பரில் அழுத்தியது. 1967இன் ஏதோ ஒரு ஷிஃப்டில் ஒருவர் சூடான வினைல் உருண்டையை அந்த இயந்திரத்தில் வைத்திருக்கிறார், அதன் அடையாளம் என் கையில் இருக்கிறது. சேகரிக்காதவர்களுக்கு இது வெறும் கீறல். எனக்கு இந்தக் கீறலைப் படிக்கத் தெரிந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது.

படிக்கத் தெரியாமல் ஏமாந்த நாளும் நினைவிருக்கிறது. ஒரு விற்பனையாளர் ‘மோனோ, 1967, முதல் பதிப்பு’ என்று எழுதியிருந்தார். புகைப்படத்தில் மஞ்சளும் கறுப்புமாக இஎம்ஐயின் பார்லஃபோன் லேபிள், எண்ணும் சரி. வீட்டுக்கு வந்து பிரித்ததும் லேபிளின் ஓரத்தைச் சுற்றி ஓடும் பொடி எழுத்தைப் படித்தேன். ‘இஎம்ஐ ரெக்கார்ட்ஸ் லிமிடெட்’ என்று இருந்தது. 1967இல் அங்கே ‘தி கிராமஃபோன் கோ. லிமிடெட்’ என்றுதான் இருக்க வேண்டும். கம்பெனி பெயரை மாற்றியதே 1973இல்தான். நடுத்துளைக்குப் பக்கத்தில் வர வேண்டிய, விலை நிபந்தனைக்கு உட்பட்டே விற்க வேண்டும் என்ற மறுவிற்பனை வாசகமும் இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த மோனோ மறுபதிப்பை முதல் பதிப்பின் விலைக்கு விற்றிருக்கிறார். கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. தட்டின் மேல் தப்பில்லை, நன்றாகவே பாடுகிறது, அதனால் வைத்துக்கொண்டேன். நீங்கள் வாங்கும்போது லேபிளின் ஓர எழுத்தும் மேட்ரிக்ஸும் தெளிவாகத் தெரியும் படம் கேளுங்கள். படம் அனுப்ப மறுத்தால் விட்டுவிடுங்கள்.

அமெரிக்காவில் கேப்பிடல் கம்பெனி வெளியிட்ட பிரதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அதுவரை பீட்டில்ஸ் ஆல்பங்களைப் பாட்டு குறைத்து, வரிசை மாற்றி வெளியிட்டு வந்தவர்கள், இதைத்தான் முதல்முறையாக பிரிட்டிஷ் வரிசைப்படியே விட்டார்கள். என்னுடையதில் சின்ன முக்கோணக் குறி இருக்கிறது, ஸ்க்ரான்டன் ஆலையின் முத்திரை. ஜெர்மன் பிரதியில் ‘ஹோர் ட்ஸூ’ பத்திரிகையின் சின்னம் உறையிலேயே இருக்கிறது. ஸ்டீரியோ கேட்க வேண்டுமென்றால் நான் எடுப்பது அதைத்தான். ஜப்பான் பிரதி சிவப்பு. தூசி ஒட்டாமலிருக்க தோஷிபா கொண்டுவந்த எவர்க்ளீன் வினைல் அது. ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் மாதுளை முத்துபோல ஒளி ஊடுருவும். அதன் அழகுக்காகவே வாங்கினேன் என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

தென்கிழக்கு ஆசியப் பிரதிதான் மனதை உறுத்துவது. மலேசியா, ஹாங்காங் பக்கம் விற்ற தட்டில், போதைப்பொருளைச் சொல்கின்றன என்ற சந்தேகத்தில், மூன்று பாட்டுகளை எடுத்துவிட்டார்கள்: ‘வித் எ லிட்டில் ஹெல்ப்’, ‘லூசி’, கடைசிப் பாட்டான ‘எ டே இன் தி லைஃப்’. அந்த இடத்தில் ‘தி ஃபூல் ஆன் தி ஹில்’ உள்ளிட்ட வேறு மூன்று பீட்டில்ஸ் பாட்டுகள். நல்ல பாட்டுகள்தான், ஆனால் முதல் பாட்டின் கடைசியில் அடுத்த பாட்டைப் பாட பில்லி ஷியர்ஸ் என்ற கற்பனைப் பாடகரை மேடைக்கு அழைக்கிறார்கள், பாட வேண்டியவர் வருவதில்லை. அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஒரு தலைமுறை இதைத்தான் ஆல்பம் என்று நம்பிக் கேட்டிருக்கிறது.

கொல்கத்தாவின் டம்டம் ஆலையில் அழுத்திய இந்தியப் பிரதிக்கு ஒலியில் முதலிடம் கொடுக்க மாட்டேன். ஆனால் அதன் உறையைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓவியத் தம்பதி பீட்டர் பிளேக், ஜான் ஹாவர்த் பிரபலங்களின் அட்டை உருவங்களால் அமைத்த கூட்டத்தை மைக்கேல் கூப்பர் 1967 மார்ச் 30 அன்று படமெடுத்தார். ஹாரிசன் கேட்டபடி யோகானந்தர், அவருடைய குரு யுக்தேஸ்வர், லாஹிரி மகாசயர், பாபாஜி நால்வரும் கூட்டத்தில் நிற்கிறார்கள். காந்தியும் நின்றார். இந்தியாவில் மனம் புண்படும் என்று இஎம்ஐ தலைவர் ஜோசப் லாக்வுட் சொல்லவே அவரை எடுத்துவிட்டார்கள். இந்தியர்களுக்காக இல்லாமல் போனவரின் இடத்தை, இந்தியாவில் அழுத்திய பிரதியின் உறையில் விரலால் தேடும்போது ஏற்படும் உணர்வு எனக்கு வேறெந்தப் பிரதியிலும் கிடையாது.

மறுபடி 2014க்கு வருகிறேன், இரண்டாம் பக்கத்தின் முடிவுக்கு. ‘எ டே இன் தி லைஃப்’ பாட்டில் 40 இசைக்கலைஞர்களின் ஆர்கெஸ்ட்ரா கீழிருந்து மேலே ஏறி, பியானோவின் ஒரே ஒரு அடியில் நிற்கிறது. அந்த அடி அடங்க முக்கால் நிமிடம் போலாகிறது. தேய்ந்த 1967 தட்டில் அந்த நேரம் பொரிபொரியென்று இரைச்சல்தான் கேட்கும். இதில் ஸ்டூடியோ நாற்காலி கிறீச்சிடும் வரை கேட்கிறது. அதன்பிறகு நாய்களுக்காக வைத்த 15 கிலோஹெர்ட்ஸ் ஒலி. என் வயதில் அது காதுக்கு எட்டாது. பள்ளியில் படிக்கும் மகள் அடுத்த அறையிலிருந்து வந்து, “அப்பா, என்னமோ கீச்சுனு கேக்குதே, ஸ்பீக்கர் போயிடுச்சா?” என்றாள். அமெரிக்கப் பிரதியில் இந்த ஒலியும் இல்லை, இதற்கு அடுத்து, கடைசிப் பள்ளத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும் முடிவில்லாத வளையமும் இல்லை.

அந்த வளையத்தைக் கேட்க வேண்டுமானால் டர்ன்டேபிளைக் கையால் இயக்குவதுபோல வைத்துக்கொள்ளுங்கள். தானாக ஊசி தூக்கும் இயந்திரத்தில் இரண்டு நொடியில் முடிந்துபோகும். கையால் இயக்கினால் அந்த உளறலும் சிரிப்பும், யாராவது எழுந்துபோய் எடுக்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு நான் எழுந்தேன். மகள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.