தானாகச் சுண்டும் ஸ்பிரிங் தூண்டில்: நம்ம கடலுக்கு வேலைக்காகாது

பனி உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பவர்களுக்காகச் செய்த ஸ்டாண்டு இது. மீன் இரையை இழுத்ததும் ஸ்டாண்டின் கொக்கி விடுபட்டு, ஸ்பிரிங் தூண்டிலை மேலே சுண்டிவிடும், தூண்டில் முள் மீன் வாயில் தானாக ஏறிவிடும். ஆன்லைனில் வாங்கி மண்டபத்தில் வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் வைத்துப் பார்த்தேன். அசையாத தண்ணீருக்கு சரி, இங்கே அலை தூண்டில் நரம்பை ஒரு இழு இழுத்தாலே 'டக்'கென்று எகிறுகிறது, நண்டு இரையைக் கொறித்தாலும் அதே கதை. உப்புக்காற்றில் ஸ்பிரிங்கின் உள்வளைவில்தான் முதலில் துரு பிடித்தது, எண்ணெய் போட்டும் நிற்கவில்லை. பாரை மீன் மாட்டினால் ஸ்டாண்டோடு போய்விடும், கல்லில் கட்டித்தான் வைக்கணும்.

சட்டப்படி சரியா என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு, அங்கே இருக்கும் சொந்தக்காரருக்கு வாங்கி அனுப்புவதாக இருந்தால் அந்த மாநில மீன்பிடி விதியைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். நம்ம பக்கம் எதை வைத்துப் பிடிக்கிறோம் என்பதைவிட எங்கே என்பதுதான் பெரிய விஷயம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகள் பக்கம் சாதாரணக் கைத்தூண்டிலோடு போனாலும் வனத்துறை பிடிக்கும். கண்மாய்க்கு வேண்டுமானால் வாங்கலாம், கடலுக்கு வேண்டாம்.